சக்கரத்தில் தொடங்க வேண்டாம்: குழந்தைகளுக்குப் போக்குவரத்து வரலாறு சொல்லித்தரும் வழி

போக்குவரத்து வரலாறு என்றதும் பெரும்பாலானோர் கையில் எடுப்பது ஒரே மாதிரிப் படத்தைத்தான். இடது ஓரத்தில் ஒரு கல் சக்கரம், பிறகு மாட்டு வண்டி, நீராவி ரயில், கார், விமானம், வலது ஓரத்தில் ராக்கெட். அதைச் சுவரில் ஒட்டி, பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்க வைத்தால் பாடம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். குழந்தைக்குக் கிடைப்பது ஓர் அணிவகுப்பு. அந்த வண்டி ஏன் அப்போது வந்தது, அதற்கு முன் மக்கள் எப்படிப் பாடுபட்டார்கள், வந்த பிறகு யார் என்ன இழந்தார்கள் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, அந்தக் கல் சக்கரமே கார்ட்டூன்காரர்களின் கைவண்ணம். அகழாய்வில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வண்டிச் சக்கரங்கள் மரத்தாலானவை.

இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுக்கப்போகும் பெற்றோருக்கும் புதிய ஆசிரியர்களுக்கும் நூலகத் தன்னார்வலர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒரே விதி: வண்டியைக் காட்டும் முன் தடையைக் காட்டுங்கள். பாரம் கனக்கிறது, ஆறு குறுக்கிடுகிறது, குதிரை களைத்துப்போகிறது, சாலை சேறாகிறது. குழந்தை முதலில் அந்தத் தடையில் முட்டிக்கொள்ளட்டும். மனிதர்கள் கண்ட விடை அதன் பிறகு சுவைக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைச் செயலில் காட்டுபவைதான்.

தொடங்கும் முன்

வயதைப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வயதுவரை ஆண்டுகள் வேண்டாம். கையால் செய்வதும் கதையும் போதும். எட்டு வயதுக்கு மேல் காலக்கோட்டைக் கொண்டுவரலாம். பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களோடு காரணங்களையும் அநீதிகளையும் பற்றிப் பேசலாம். வயது கலந்த குழுவாக இருந்தால், பெரிய பிள்ளைகளிடம் அளப்பதையும் குறிப்பெடுப்பதையும் ஒப்படைத்துவிடுங்கள். சிறியவர்கள் இழுக்கட்டும், தள்ளட்டும்.

வாரம் ஓர் அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் நீங்கள் பேசினால் ஏதோ கோளாறு என்று பொருள். தேவையான பொருள்கள்: ஓர் அட்டைப்பெட்டி, பழைய புத்தகங்கள், ரப்பர் பட்டை, அளவுகோல், உருண்டையான பென்சில்கள், களிமண், நீளமான கயிறு, துணி மாட்டும் கிளிப்புகள், சிறு அட்டைகள்.

மூன்று கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். எது தடையாக இருந்தது? அப்போது கையில் என்ன இருந்தது? புதிய வழியால் யாருக்கு என்ன மாறியது? பாடம் முடியும்வரை அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும். எந்த வண்டியைப் பற்றிப் பேசினாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். சில வாரங்களில் குழந்தைகளே உங்களை முந்திக்கொண்டு கேட்பார்கள்.

முதல் படி: பாரத்தை இழுக்க விடுங்கள்

பெட்டியில் புத்தகங்களை நிரப்பி, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு தள்ளுவார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் பெட்டிக்கு அடியில் துணியை விரித்து இழுப்பார். அந்தக் குழந்தை கண்டுபிடித்தது சறுக்குப் பலகையின் தத்துவத்தை. சக்கரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் பனியிலும் மணலிலும் பாரங்களை அப்படித்தான் இழுத்தார்கள். உடனே பாராட்டிவிட்டு, அடுத்த கேள்வியைப் போடுங்கள்: இதைவிட எளிதாக முடியுமா?

இப்போது அளக்க வேண்டும். பெட்டியில் ரப்பர் பட்டையை மாட்டி அதைப் பிடித்து இழுங்கள். பெட்டி நகரத் தொடங்கும் நொடியில் பட்டை எவ்வளவு நீண்டது என்பதை அளவுகோலால் குறியுங்கள். வெறும் தரையில் ஒரு முறை, துணியின் மேல் ஒரு முறை, வரிசையாக அடுக்கிய பென்சில்களின் மேல் ஒரு முறை. பென்சில்களின் மேல் பட்டை ஏறக்குறைய நீளவே நீளாது. உராய்வு என்ற சொல்லை இதற்குப் பிறகு சொல்லுங்கள். எண்ணைக் கையில் வைத்திருக்கும் குழந்தைக்குச் சொல் தேவைப்படும்; அதற்கு முன் கொடுத்தால் அது இன்னொரு கடினமான வார்த்தை.

பென்சில் முறையில் ஒரு தொல்லை உண்டு. பெட்டி முன்னே போகப் போக, பின்னால் விடுபடும் பென்சிலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ஒரு குழந்தையிடம் கொடுங்கள். இரண்டு சுற்றில் அலுத்துப்போய், 'இது பெட்டியோடயே வந்தா நல்லா இருக்குமே' என்று சொல்லும். அந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும். உருளையைப் பாரத்தோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் அச்சுதான் உண்மையான கண்டுபிடிப்பு. வட்டமாக ஒன்றை வெட்டுவது பெரிய காரியமே இல்லை. வட்டத்தின் நடுவே துளையிட்டு, அது ஆடாமலும் சிக்காமலும் அச்சைப் பொருத்துவதில்தான் தச்சனின் திறமை இருந்தது. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா சதுப்பு நிலத்தில் கிடைத்த சக்கரம் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சக்கரம் ஒரு மரத்தில், அச்சு வேறொரு மரத்தில், இரண்டும் இறுக ஆப்புகள். செய்தவருக்குத் தன் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் படி: கயிற்றில் காலம்

சிறு குழந்தைகளுக்கு நூறு ஆண்டும் ஆயிரம் ஆண்டும் ஒன்றுதான். எண்ணால் விளக்க முடியாததை நீளத்தால் காட்டலாம். பத்து மீட்டர் கயிற்றை எடுத்து, 1 சென்டிமீட்டருக்கு 10 ஆண்டுகள் என்று கணக்கு வையுங்கள். ஒரு முனை இன்று. அந்த முனையில் பத்து வயதுக் குழந்தையின் மொத்த வாழ்க்கையும் ஒரு சென்டிமீட்டர். வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை ஏழு சென்டிமீட்டர்.

இனி அட்டைகளைக் கிளிப்பால் மாட்டச் சொல்லுங்கள். கயிற்றின் மறுமுனையில், அதாவது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், நெதர்லாந்தின் பெஸ்ஸே என்ற இடத்தில் கிடைத்த மரத்தோணி. சக்கர வண்டி, இன்று என்ற முனையிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் தொலைவில். பொது ரயில் பாதையில் நீராவி இன்ஜின் ஓடிய 1825, இன்றிலிருந்து வெறும் 20 சென்டிமீட்டரில். 1886இல் காப்புரிமை பெற்ற பென்ஸின் மோட்டார் வண்டி 14 சென்டிமீட்டரில். 1903இல் ரைட் சகோதரர்களின் விமானம் 12 சென்டிமீட்டர். நிலவில் மனிதன் இறங்கிய 1969, ஆறு சென்டிமீட்டர்கூட வராது.

அந்தக் கடைசி இருபது சென்டிமீட்டரில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கும். அழகாக இருக்கட்டும் என்று தள்ளித் தள்ளி மாட்டிவிடாதீர்கள். அந்த நெரிசல்தான் பாடம். பத்தாயிரம் ஆண்டுகள் நடந்தும் துடுப்புப் போட்டும் விலங்கின் மேல் ஏறியும் வாழ்ந்தவர்கள், இருநூறு ஆண்டுகளில் நிலவுவரை போய்விட்டார்கள் என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. பிறகு வேண்டுமானால் அந்த இருபது சென்டிமீட்டரை மட்டும் இன்னொரு கயிற்றில் விரித்துக் கொள்ளலாம்: 1 சென்டிமீட்டருக்கு 1 ஆண்டு, மொத்தம் 2 மீட்டர்.

கேள்விகேட்கும் பிள்ளை ஒன்று, 'தோணிக்கு முன்னால?' என்று மடக்கும். நல்லது. ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன் குடியேறியிருந்தார்கள். இடையில் கடல் உண்டு. அவர்கள் ஏதோ ஒன்றில் மிதந்துதான் போயிருக்க வேண்டும். அந்த அட்டையை மாட்டக் கயிறு 50 மீட்டர் வேண்டும். வாசலைத் தாண்டி நடந்துபோய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: நிலத்துக்கு முன் நீர்

மேலே சொன்னதிலிருந்தே விளங்கும், வரிசைப் படத்தில் முதலில் நிற்க வேண்டியது மிதவை. பெஸ்ஸே தோணி 1955இல் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். காருக்கு வழி வெட்டப் போனவர்கள் தோணியை எடுத்தார்கள் என்றால் குழந்தைகள் சிரித்து நினைவில் வைப்பார்கள். பைன் மரத்துண்டு ஒன்றைக் குடைந்து செய்தது. மூன்று மீட்டர் நீளம்.

சோதனை எளிது. களிமண் உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாகத் தட்டினால் மிதக்கும். எடை மாறவில்லை, வடிவம் மாறியது. கிண்ணத்தில் எத்தனை நாணயம் ஏற்றலாம் என்று போட்டி வையுங்கள். மரத்தைக் குடைந்தால் அது இலகுவாவதோடு மனிதர் உட்காரவும் இடம் கிடைக்கிறது என்பதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். இரும்புக் கப்பல் ஏன் மூழ்குவதில்லை என்ற கேள்வி பின்னால் வரும்போது, விடை ஏற்கெனவே கையில் இருக்கும்.

பாய்மரத்தை விளக்க அதிக நேரம் செலவிட வேண்டாம். காகிதப் பாய் மாட்டிய மிதவையை ஊதிப் பார்த்தால் போதும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: காற்று நம் சொல்லைக் கேட்காது. சாதகமான காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த மாலுமிகளுக்குப் பொறுமையும் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது. 1519இல் மகெல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. 1522இல் உலகைச் சுற்றித் திரும்பியது ஒன்றே ஒன்று, அதில் 18 பேர். மகெல்லன் அவர்களில் இல்லை, வழியிலேயே கொல்லப்பட்டிருந்தார். 'உலகைச் சுற்றிய முதல் மனிதர் மகெல்லன்' என்று பல குழந்தைப் புத்தகங்கள் சொல்வதைத் திருத்த இது நல்ல இடம்.

நான்காம் படி: சக்கரம் இல்லாத பெருநாடு

சக்கரம் கண்டவர்கள் அறிவாளிகள், காணாதவர்கள் பின்தங்கியவர்கள் என்ற எண்ணம் குழந்தைகளிடம் தானாகவே குடியேறும். அதை உடைக்க இரண்டு உண்மைகள் போதும். ஒன்று, பழைய மெக்சிகோவில் சக்கரம் பொருத்திய சிறு களிமண் விலங்குகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பாரவண்டி இல்லை. இரண்டு, தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் சாலை அமைத்தார்கள். அதில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. ஓட்டக்காரர்கள் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். லாமாக்கள் பாரம் சுமந்தன.

ஏன் என்று கேளுங்கள். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். இழுக்க எருதோ குதிரையோ அங்கே இல்லை என்பதை ஒரு குழந்தை சொல்லும். மலைப்படிக்கட்டில் வண்டி ஏறாது என்பதை இன்னொன்று. சாலை, இழுக்கும் விலங்கு, தச்சு என மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் சக்கரத்துக்கு வேலை. பாலைவன நாடுகளில் ஒட்டகம் நன்றாகப் பழகிய பிறகு, ஏற்கெனவே இருந்த வண்டிகள் பல நூற்றாண்டுகளுக்கு வழக்கொழிந்தன என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சாலை கேட்காத ஒட்டகம் அங்கே வண்டியைவிட மலிவு. புதியது வந்தால் பழையது ஓடிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: நீராவியும் கடிகாரமும்

நீராவியின் வலுவைக் காட்டப் பெரியவர் ஒருவர் அடுப்பருகே நின்று, கொதிக்கும் பாத்திரத்தின் மூடி தானே எழுந்து ஆடுவதைக் காட்டினால் போதும். குழந்தைகள் தள்ளியே நிற்கட்டும். வீட்டில் நீராவி இன்ஜின் செய்து பார்க்கும் விபரீதம் வேண்டாம்.

'ரயிலைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன்' என்று சொல்லிக்கொடுத்தால் கதையின் ருசியான பாதி போய்விடும். 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலையில், ரிச்சர்டு டிரெவிதிக் செய்த இன்ஜின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் போனது. எடுத்த நேரம் நான்கு மணிக்குச் சற்று மேல். பக்கத்தில் நடந்தே வந்திருக்கலாம்! அதைவிடப் பெரிய சிக்கல், இன்ஜினின் எடையைத் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. வண்டி தயார், பாதை தயாரில்லை. குழந்தைகளிடம் கேளுங்கள்: அந்த இரும்பாலையின் முதலாளியாக நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? குதிரைக்கே திரும்பிப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே நடந்ததும் அதுதான்.

அடுத்து 1829, ரெய்ன்ஹில் போட்டி. லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்கு எந்த இன்ஜினை வைப்பது என்று முடிவு செய்ய நடந்தது. போட்டிக்கு வந்தவற்றில் ஒன்று நீராவியே இல்லாதது: வண்டிக்குள் ஒரு குதிரை, அதன் காலடியில் ஓடும் பட்டை, குதிரை நடக்க வண்டி நகரும். ஜார்ஜ் ஸ்டீவன்சனும் மகன் ராபர்ட்டும் செய்த 'ராக்கெட்' என்ற நீராவி இன்ஜின் வென்றது. இந்தப் போட்டியைக் குழந்தைகள் நடிக்கட்டும். குதிரை வேடத்துக்குச் சண்டை வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள்.

இந்தப் படியில் பலரும் விட்டுவிடும் ஒன்று, ரயில் நேரத்தையே மாற்றியது என்பது. அதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் சூரியனைப் பார்த்து வைத்த சொந்த நேரம் இருந்தது. லண்டனில் மணி பன்னிரண்டு என்றால் மேற்கே இருக்கும் பிரிஸ்டலில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. குதிரைவண்டிப் பயணத்தில் அது யாரையும் உறுத்தவில்லை. ரயில் கால அட்டவணையில் உறுத்தியது. பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் 1840களில் லண்டன் நேரத்துக்கு மாறின. அமெரிக்காவின் ரயில் பாதைகள் 1883 நவம்பர் 18 அன்று நாட்டைச் சில நேர வலயங்களாகப் பிரித்துக்கொண்டன.

விளையாட்டு: அறையின் மூன்று மூலைகளில் மூன்று பேர். ஒவ்வொருவர் கையிலும் காகிதக் கடிகாரம். ஒன்று 10 மணி, ஒன்று 9.50, ஒன்று 10.05 காட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி, தங்கள் கடிகாரத்தைச் சம வேகத்தில் நிமிடம் நிமிடமாக நகர்த்த வேண்டும். 'மணி 10.10க்கு உங்கள் ரயிலை ஒற்றைப் பாதையில் விடுங்கள்' என்று மூவரிடமும் சொல்லுங்கள். யாருடைய 10.10 சரி என்ற தகராறு தொடங்கியதும் நிறுத்திவிட்டு, தீர்வை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: சைக்கிளுக்கு உரிய இடம்

வரிசைப் படங்களில் சைக்கிளை ஓரமாக ஒட்டுவார்கள், சில சமயம் ஒட்டவே மாட்டார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. குழந்தைகள் தாங்களே ஓட்டும் ஒரே வாகனம் அது. காருக்கும் விமானத்துக்கும் வழிவகுத்ததும் அதுதான்.

1817இல் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் செய்த இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. தரையைக் காலால் உதைத்து ஓட்ட வேண்டும். இன்று மூன்று வயதுக் குழந்தைகள் ஓட்டிப் பழகும் பெடலில்லாச் சைக்கிளும் இதே அமைப்புதான் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். 1860களில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று என்பதால், வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். அப்படித்தான் ஆள் உயரச் சக்கரம் வந்தது, விழுந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரிய சக்கரத்தின் தேவை ஏன் ஒழிந்தது என்பது அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த டயரைச் செய்தார். அவருக்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே, 1845இல், ராபர்ட் தாம்சன் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அதைக் கேட்பாரில்லை, ஏனென்றால் சைக்கிள் இல்லை. 'கையில் என்ன இருந்தது' என்ற இரண்டாம் கேள்வி இங்கே முழுப் பலத்தோடு வேலை செய்யும்.

அதே 1888 ஆகஸ்டில்தான் பெர்த்தா பென்ஸின் பயணம். கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கும் சற்று மேல். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக்கடையில் கறை நீக்கப் பயன்படும் திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அதனால் பிற்பாடு அந்த வண்டியில் இன்னொரு கியர் சேர்ந்தது. நாடகமாகப் போட இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. நடிக்கும் முன் ஒவ்வொரு தடையையும் ஓர் அட்டையில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். எடுத்த குழந்தை, கையிலிருக்கும் பொருளால் அதை எப்படிச் சமாளிக்கும் என்று முதலில் யோசிக்கட்டும். உண்மையில் நடந்ததைக் கடைசியில் சொல்லுங்கள்.

மின்சாரக் கார் புதுமை என்று நம்பும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய வாகனம் மின்சாரத்தில் ஓடியது. ஆண்டு 1899, ஓட்டியவர் பெல்ஜியத்தின் கமில் ஜெனாட்சி.

ஏழாம் படி: பன்னிரண்டு விநாடியை ஓடிப் பாருங்கள்

திறந்தவெளி வேண்டும். முப்பத்தாறரை மீட்டரை அளந்து இரண்டு கோடு போடுங்கள். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் பறந்த முதல் தூரம் இது. நேரம் 12 விநாடி. ஒவ்வொரு குழந்தையும் ஓடட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும். பத்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் விமானத்தை முந்திவிடுவார்கள். ஆரவாரம் அடங்கியதும் கட்டாயம் சொல்ல வேண்டியது: அன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் எதிர்க்காற்று வீசியது. காற்றைக் கிழித்துக்கொண்டு விமானம் போன வேகம், தரையில் அளந்த வேகத்தைவிட மிக அதிகம். இதைச் சொல்லாமல் விட்டால் வேடிக்கை நிற்கும், அறிவியல் போய்விடும். அதே நாளின் நான்காவது பறத்தலில் வில்பர் ரைட் 59 விநாடிகளில் 260 மீட்டர் போனார். சைக்கிள் கடை நடத்தியவர்கள் அந்த இருவரும். விமானத்தின் உந்துவிசிறிகளைச் சுழற்றியதும் சங்கிலிகள்தான்.

அதற்கும் 120 ஆண்டுகளுக்கு முன் பலூன் வந்துவிட்டது. 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாயில் மான்ட்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறியவர்கள் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். ஏன் இந்த மூன்றும் என்று கேளுங்கள். உயரத்தில் பறந்து பழகிய வாத்துக்கு ஒன்றும் ஆகாது. உயரப் பறக்காத பறவைக்குச் சேவல். மனிதனுக்குப் பதில் ஆடு. ஒப்பிட்டுச் சோதிப்பது எப்படி என்பதற்கு இது தயாராக இருக்கும் பாடம். மூன்றும் உயிரோடு இறங்கின. இரண்டு மாதம் கழித்து மனிதர்கள் பறந்தார்கள்.

கன்கார்டு விமானத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரம், 2003இல் நிறுத்தப்பட்டது. இன்று அதே பயணத்துக்கு ஏழெட்டு மணி நேரம். வேகம் எப்போதும் கூடிக்கொண்டேதான் போகும் என்பது உண்மையில்லை.

நடுவில் ஒரு பெட்டி

கண்டெய்னரைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் போதும், ஆனால் தவற விடாதீர்கள். கட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்ற எவ்வளவு நேரம், பெட்டியில் போட்டு மொத்தமாக மாற்ற எவ்வளவு நேரம் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாழ்ந்தவர்களின் வேலை அதன் பிறகு மெல்ல மெல்லக் கரைந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்.

எட்டாம் படி: யார் ஏறலாம், யார் ஏற்றப்பட்டார்கள்

பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களோடு இதைத் தவிர்க்கக் கூடாது. கப்பல் புதிய நாடுகளைக் காட்டியது என்று சொல்லும் வாயால், அதே கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் மனிதர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் பதினெட்டு லட்சம் பேர் அளவுக்குக் கடலிலேயே இறந்தார்கள். கொடுமையை விவரிக்கும் படங்கள் தேவையில்லை. எண்ணையும் காரணத்தையும் சொல்லிவிட்டு, குழந்தைகள் கேட்பதற்கு நேராக விடை சொல்லுங்கள்.

1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையர் ஒருவருக்காகப் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். அத்தனை நாளும் எப்படி வேலைக்குப் போயிருப்பார்கள் என்று கேட்டால், குழந்தைகள் நடைக்கும் பகிர்ந்துகொண்ட கார்களுக்கும் தாங்களே வந்து சேர்வார்கள். இங்கிருந்து இன்றைக்கு வரலாம்: சக்கர நாற்காலியில் இருப்பவர் நம் பஸ்ஸில் ஏற முடியுமா?

ஒன்பதாம் படி: வீட்டுக்குள் ஒரு பேட்டி

ஒவ்வொரு குழந்தையும் வயதில் மூத்த ஒருவரைக் கேட்டு எழுதிவர வேண்டும். 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?' என்ற பொதுக் கேள்விக்குப் பொதுவான விடைதான் வரும். குறிப்பாகக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்: பள்ளிக்கு எதில் போனீர்கள், எவ்வளவு நேரம், மழை பெய்தால் என்ன செய்தீர்கள், முதல் நீண்ட பயணம் எங்கே, வழியில் என்ன கெட்டுப்போனது, போய்ச் சேர்ந்த செய்தியை வீட்டுக்கு எப்படிச் சொன்னீர்கள்? கடைசிக் கேள்வி பெரும்பாலும் நல்ல கதையைக் கொண்டுவரும். விடைகளை இரண்டு மீட்டர் கயிற்றில் அந்தந்த ஆண்டில் மாட்டுங்கள். ரைட் சகோதரர்களுக்குப் பக்கத்தில் தன் பாட்டியின் அட்டை தொங்குவதைப் பார்க்கும் குழந்தைக்கு வரலாறு வேறு யாருடைய சொத்தாகவும் தோன்றாது.

எப்படிச் சோதிப்பது

ஆண்டுகளைக் கேட்காதீர்கள். கலைத்துப்போட்ட அட்டைகளை வரிசைப்படுத்தச் சொல்லி, ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கேளுங்கள். இடம் சற்றுத் தவறாக இருந்து காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். இடம் சரி, காரணம் 'புத்தகத்தில் அப்படித்தான்' என்றால் பாதி.

பிறகு ஒரு வடிவமைப்பு வேலை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தடையும் ஒரு கட்டுப்பாடும் கொடுங்கள்: பாலம் இல்லாத ஆறு, சக்கரம் கூடாது; மலையுச்சிக் கிராமத்துக்கு மருந்து, சாலை கிடையாது; நடக்க இயலாதவரும் குழந்தையும் சேர்ந்து போக வேண்டும், எரிபொருள் கூடாது. படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். சுவரில் மாட்டிய மூன்று கேள்விகளுக்கும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர்களால் விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு 'எல்லோருக்கும் நல்லது' என்று மட்டும் சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்து, இதனால் யாருக்கு வேலை போகும், யாருடைய நிலம் போகும் என்று எழுதிவரச் சொல்லுங்கள்.